பதினேழு வறண்ட குழிகள்

முதல் தடவை நடத்திய கூட்டம் படுத்துவிட்டது. வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைத்து நூலகத்தின் மாடி அறையில் விளக்கை அணைத்துவிட்டு, திரையில் படம் காட்டி, அறிவியல் மனப்பான்மை என்றால் என்ன என்று ஒன்றரை மணி நேரம் பேச வைத்தார்கள். வந்தவர்கள் பதினோரு பேர். அதில் நான்கு பேர் தூங்கினார்கள். ஒருவர் குறட்டையும் விட்டார். குறட்டை விட்டவர் கூட்டத்தை ஏற்பாடு செய்த கண்ணாடிக்கடைக்காரியின் சொந்தக் கணவர்.

"நாள் பூரா பஸ் ஓட்டிட்டு வந்தவனை இருட்டு ரூம்ல உக்கார வெச்சா வேற என்ன பண்ணுவான்?" என்றார் அவர், வீட்டுக்கு வந்ததும். அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை. அவளே இரண்டு கொட்டாவிகளை விழுங்கியிருந்தாள்.

கடைவீதி திருப்பத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கண் பார்த்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவள் அவள். அந்த வேலைதான் அவளுக்கு இந்தக் கிறுக்கைப் பிடிக்க வைத்தது. நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்பாள். எப்போதாவது ஒரு தடவை, மாற்றுவது போல 'டக்'கென்று சத்தம் மட்டும் செய்துவிட்டு அதே லென்ஸையே வைப்பாள். "ஆங், இதுதான் நல்லா இருக்கு" என்பார்கள் பாதிப் பேர். அவர்கள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே நன்றாகத் தெரிகிறது அவர்களுக்கு. நல்ல மனிதர்கள், படித்தவர்கள், கறாரானவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். இதை வெளியே நாலு பேரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று அவளுக்கு நெடுநாளாக ஆசை.

நூலகர்தான் அவளுக்குக் கூட்டாளி. வாழ்நாள் முழுவதும் அடுத்தவர்களை 'உஷ்' என்று அடக்கியே பழகி, தன் குரலையும் அடக்கிக்கொண்ட ஒல்லி மனிதர்.

"அடுத்த தடவை மேடையே வேணாம்" என்றாள் அவள். "வர்றவங்க பேசட்டும். வாசல்லயே ஒரு சீட்டு குடுப்போம். தான் நிச்சயமா நம்புற ஒரு விஷயத்தை எழுதணும். அது தப்புன்னா எப்படிக் கண்டுபிடிப்பேன்னும் எழுதணும். பலகையில குத்திட்டு, எது பிடிக்குதோ அந்த மேசையில போய் உக்காந்து, சேர்ந்து சோதிச்சுப் பார்க்கட்டும்."

"சத்தம் வருமே" என்றார் நூலகர்.

"வரட்டும்."

அவர் யோசித்தார். "ஞாயித்துக்கிழமை லீவுதான். வரட்டும்."

தடித்த மையில் மூன்று விதிகள் எழுதினார்கள். ஒருவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது, ஒருவரோடு சேர்ந்து சிரிக்கலாம். எப்படிச் சோதிப்பது என்பதை, சோதனைக்கு உட்படுகிறவர் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். பலகையில் ஏறிய சீட்டை யாரும் கழற்றக்கூடாது. கடைசி விதியை அவள்தான் பிடிவாதமாகச் சேர்த்தாள். இந்தக் கேள்வி சின்னக் கேள்வி, இது சங்கடமான கேள்வி என்று யாராவது பொறுக்க ஆரம்பித்தால் அப்புறம் அதுவும் பேராசிரியர் கூட்டமாகிவிடும் என்றாள்.

இரண்டு வாரம் கடை கடையாக ஏறி இறங்கினாள். தையல்காரம்மா தலையை நிமிர்த்தாமலே, "எனக்கு அறிவியலெல்லாம் என்னங்க தெரியும்?" என்றார்.

"எதையாவது கேட்டு, இது உண்மையான்னு நெனச்சதில்லையா?"

"வெந்நீர்ல போட்டா துணி சுருங்கும்கிறாங்க. எல்லாத் துணியுமான்னு நெனப்பேன்."

"அதைக் கொண்டு வாங்க. கூடவே நாலு துண்டுத் துணியும்."

பேக்கரிக்காரரோ, அடுப்பில் கேக் இருக்கும்போது கதவை அறைந்து சாத்தினால் கேக் அமுங்கிப் போகும் என்று அடித்துச் சொன்னார். இருபது வருடமாக அந்தக் கதவை அவர் யாரையும் அறைந்து சாத்த விட்டதில்லை. "அப்ப எப்படிங்க தெரியும்?" என்று அவள் கேட்டதும், "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு?" என்றார்.

இப்படி ஊரையே கூப்பிட்டவள் ஒரே ஒருவரை மட்டும் கூப்பிடவில்லை. அது அவளுடைய அண்ணன்.

அண்ணன் தண்ணீர் மோட்டார் மெக்கானிக். அது வேலை. பேர் வாங்கிக் கொடுத்தது வேறு. வளைத்த இரண்டு செம்புக் கம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு காலி மனையில் மெதுவாக நடப்பார். கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இடத்தில் காலால் ஒரு கோடு போடுவார். அங்கே போர் போட்டால் தண்ணீர். அப்படித்தான் ஊரில் பேச்சு. வீடு கட்டுகிறவர்கள் முதலில் அவரைத்தான் தேடி வருவார்கள், கொத்தனாரை அப்புறம்தான்.

அப்பா சீக்கிரமே போய்விட்டதால் அவளைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் அவர். ஐம்பதை நெருங்குகிறவளை இன்னும் 'குட்டி' என்றுதான் கூப்பிடுவார். சாப்பிட வரும்போதெல்லாம், இன்று எங்கே கம்பி இழுத்தது, எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று சொல்வார். "அப்படியா அண்ணே" என்பாள் அவள், அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தபடி. அந்த 'அப்படியா'வுக்குள் இருபது வருடச் சந்தேகத்தை அவள் மடித்து வைத்திருந்தது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் அறுபது பேர் வந்துவிட்டார்கள். செய்தித்தாள் மேசைகள் சுவரோரம் போயின. நாற்காலி பற்றாமல் சிலர் கட்டுக்கட்டாய் இருந்த பழைய பத்திரிகைகள் மேல் உட்கார்ந்தார்கள். பஸ் டிரைவரான கணவர் வாசலில் சீட்டும் குண்டூசியும் கொடுத்துக்கொண்டிருந்தார், இந்த முறை விழித்துக்கொண்டு. பலகை வேகமாக நிரம்பியது. பௌர்ணமியன்று ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம் என்று ஒரு நர்ஸ். ஈரத்தலையோடு வெளியே போனால் சளி பிடிக்கும் என்று நாலு பேர், நாலு கையெழுத்தில். ஒவ்வொன்றாகப் படித்துச் சிரித்தபடி வந்தவள், கீழ் மூலையில் நின்றுவிட்டாள்.

'வளைத்த கம்பி தண்ணீரைக் காட்டும். தப்புன்னா எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு தெரியலை. கேட்கணும்.'

சாய்ந்த எழுத்து. சீட்டின் ஓரத்தில் கிரீஸ் படிந்த ஒரு கட்டைவிரல் ரேகை.

திரும்பிப் பார்த்தாள். ஜன்னலோரத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அண்ணி, வெளியூர் போகும்போது மட்டும் எடுக்கிற கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்தபடி. யார் சொல்லி வந்தார்கள் என்று தெரியவில்லை. ஊரெல்லாம் ஒட்டிய நோட்டீஸை அண்ணன் மட்டும் படிக்க மாட்டார் என்று அவள் எப்படி நினைத்தாளோ.

அறுபது பேர். அதில் பாதிப் பேர் வீட்டில் அண்ணன் கோடு போட்டிருக்கிறார். அத்தனை பேர் முன்னால் அவர் தலை குனிந்து நிற்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டுமா? கை தானாகப் போய்க் குண்டூசியைப் பிடுங்கியது. சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஐந்து நிமிடத்தில் அண்ணன் பலகைக்கு வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தேடினார். தரையிலும் தேடினார்.

"குட்டி, என் சீட்டு கீழ விழுந்துடுச்சா?"

அவரிடம் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "நான்தான் எடுத்தேன்ணே."

"ஏன்?"

"எல்லார் முன்னாடியும் வேணாம். நாம வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல எப்பப் பேசினோம்?" அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "நான் சொல்றப்பல்லாம் அப்படியான்னு என் தட்டை ரொப்புவே. நீ நம்பலைன்னு எனக்குத் தெரியும் குட்டி. அது பரவாயில்லை. ஊர்ல எல்லார்கிட்டயும் கேள்வி கேக்குறவ, என்கிட்ட மட்டும் ஏன் கேக்க மாட்டேங்கிறான்னுதான் புரியலை. நான் என்ன, கேள்வி தாங்க மாட்டேனா?"

பக்கத்தில் நின்ற நூலகர் தொண்டையைக் கனைத்தார். மூன்றாவது விதியைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

அவள் சீட்டை எடுத்து விரித்தாள். மடிப்பு விழுந்துவிட்டது. விரலால் நீவி, அதே இடத்தில் குத்தினாள். பிறகு எல்லாரையும் பார்த்துத் திரும்பினாள். "இந்தச் சீட்டை நான் கழட்டினேன். விதி எழுதினவளே மீறிட்டேன். மன்னிச்சுக்குங்க." அதோடு விடவில்லை. இன்னொரு தாளில் வேகமாக எழுதி அதற்குக் கீழே குத்தினாள். 'ஒருத்தர் கடைக்குள்ள நுழையுறப்பவே அவங்க பார்வை எப்படின்னு எனக்குத் தெரிஞ்சுடும்.'

அது அவள் நெடுநாளாக அடித்துக்கொண்டிருந்த பெருமை. மேசைக்கு மேசை பேச்சு எழுந்தது. தையல்காரம்மா துண்டுத் துணிகளை அப்படியே போட்டுவிட்டு வந்து பொறுப்பேற்றுக்கொண்டார். அவள் இதுவரை கண் பார்க்காத பத்துப் பேரைத் தெருவிலிருந்து பிடித்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர்கள் கண்ணாடியைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு ஒவ்வொருவராக வாசலில் நுழைந்தார்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வை, கண்ணாடியே வேண்டாம் என்று மூன்றில் ஒன்றை அவள் சொல்ல வேண்டும். சொன்னாள், தயங்காமல். பத்தில் மூன்று சரி.

"கண்ணை மூடிட்டுச் சொன்னாலும் மூணு வந்திருக்குமே" என்றார் பேக்கரிக்காரர், விரல் விட்டு எண்ணி.

"இதைச் சொல்லித்தான் கல்யாணத்துக்கு முன்னாடி என்னை மடக்கினா" என்றார் கணவர் வாசலிலிருந்து. அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் காது மடல் சுட்டது. மூன்றுதானா என்று உள்ளே ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ள மறுத்து முரண்டு பிடித்தது. அண்ணனுக்கும் இப்படித்தானே இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்து அண்ணன். பேக்கரிக்காரர் கடைக்கு ஆளனுப்பி மாவு வைக்கும் வாளிகள் பத்து கொண்டுவரச் சொன்னார், மூடியோடு. எப்படிச் சோதிப்பது என்பதை எல்லாருமாகப் பேசினார்கள். அண்ணன் நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் யோசித்துத் தலையாட்டினார். மூடிய வாளியிலும் கம்பி காட்டுமா? காட்டும், வீட்டில் பார்த்திருக்கிறார். மணலையும் தண்ணீரையும் பிரித்துச் சொல்லுமா? சொல்லும். எத்தனை சரியாக வந்தால் கம்பிக்கு வெற்றி? "பத்துக்கு ஒம்பது" என்றார் அண்ணன். "எட்டு வந்தாலும் ஒத்துக்க மாட்டேன்."

"எந்த வாளியில என்னன்னு தெரிஞ்சவங்க யாரும் உள்ள இருக்கக்கூடாது" என்றாள் அவள். "முகம் காட்டிக் குடுத்துடும்."

"உன் முகம் முதல்ல வெளிய போகட்டும்" என்றார் அண்ணி. "மத்ததை விட அதைத்தான் அவர் நல்லாப் படிப்பார்."

முதலில் வாளிகளை மூடாமலே அண்ணன் நடந்து பார்த்தார். தண்ணீர் வாளிக்கு மேலே கம்பிகள் அழகாகக் குறுக்கே வந்தன. மணல் வாளிக்கு மேலே அசையாமல் நின்றன. பத்துக்குப் பத்து. அறையில் முணுமுணுப்பு எழுந்தது. பிறகு எல்லாரும் வெளியே போனார்கள். நூலகரும் நர்ஸும் மட்டும் உள்ளே இருந்து, ஒவ்வொரு வாளிக்கும் காசைச் சுண்டி, தண்ணீரா மணலா என்று முடிவு செய்து, மூடி போட்டு, பின்கதவு வழியாகக் கொல்லைப்புறம் போய்விட்டார்கள். எழுதிய தாள் நூலகரின் சட்டைப் பையில்.

மற்றவர்கள் திரும்பி உள்ளே வந்ததும் அண்ணன் நடந்தார். அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கக் கூடிய நடை, ஆனால் இதுவரை அவர் வேலை செய்வதை ஒருமுறைகூடப் பார்த்ததே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தோளைத் தளர்த்தி, மூச்சை அடக்கி, கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பது போல அவ்வளவு பதமாகக் கம்பியைப் பிடித்திருந்தார். தண்ணீர், மணல், மணல், தண்ணீர் என்று சொல்லச் சொல்லத் தையல்காரம்மா எழுதினார். கொல்லையிலிருந்து நூலகர் வந்து தன் தாளைப் படித்தார்.

பத்துக்கு நாலு.

"இன்னொரு தடவை" என்றார் அண்ணன். திரும்பவும் காசு, மூடி, நடை. இந்த முறை ஆறு. இருபதுக்குப் பத்து. காசைச் சுண்டி விட்டுச் சொன்னாலும் அவ்வளவுதான் வரும்.

சிரிக்கக்கூடாது என்ற விதிக்கு வேலையே வரவில்லை. அண்ணனோடு எத்தனையோ மனைகளில் சேர்ந்து நின்ற போர் போடுகிறவர் எழுந்தார். வண்டியும் இயந்திரமும் வைத்து ஊருக்கெல்லாம் துளை போடுகிற பெரிய உருவம். "வாளி வேற, பூமி வேற. பூமிக்குள்ள தண்ணி ஓடுது. வாளித் தண்ணி சும்மா நிக்குது. இதுல எப்படிங்க காட்டும்?"

அவளுக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆமாம் என்று அண்ணன் சொல்லிவிட்டால் போதும். வீட்டுக்குப் போய்விடலாம்.

"இல்லப்பா" என்றார் அண்ணன். "ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டாங்க. காட்டும்னு நான்தான் சொன்னேன். தோத்ததுக்கு அப்புறம் மாத்திச் சொல்லக்கூடாது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தையல்காரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார், "அப்ப இத்தனை வருஷமா தண்ணி வந்துச்சே அண்ணா, அது எப்படி?"

"அதுதான் எனக்கும் தெரியணும்." கம்பிகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். "வந்ததைத்தான் எல்லாரும் சொல்றாங்க. நூத்து நாப்பத்து மூணு இடம் காட்டியிருக்கேன். பதினேழு வறண்டுச்சு. அதை யாரும் கேக்கறதில்லை."

போர் போடுகிறவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"முதல்ல வறண்டது சலவைக்கடை பின்னாடி. முன்னூறு அடி. புழுதிதான் வந்துச்சு. கடைக்காரக்கா ஒரு வார்த்தை சொல்லலை. எனக்கு டீ போட்டுக் குடுத்தாங்க. அந்த டீ இன்னும் தொண்டையிலயே நிக்குது. பதினேழு வீடும் எனக்குத் தெரியும். அங்க மோட்டார், குழாய் எது கெட்டாலும் நானே போய்ப் பார்த்துட்டு வந்துடுவேன். இந்தக் கம்பி நிஜமாவே காட்டுதுன்னா ஏன் பதினேழு தடவை பொய் சொல்லுச்சுன்னு யார்கிட்டயாவது கேக்கணும்னு இருந்தேன். நோட்டீஸைப் பார்த்தேன். வந்தேன்."

அண்ணி கைப்பையைக் கீழே வைத்தார். "அதனாலதான் அந்த வீடுங்களுக்கு எல்லாம் கூப்பிடாமலே ஓடினீங்களா?" என்றார் மெதுவாக. "நான் உங்களுக்கு இளிச்சவாய்த்தனம்னு நெனச்சேன்." அவர் முதுகில் கை வைத்தவர் அப்புறம் எடுக்கவே இல்லை.

நர்ஸ்தான் அடுத்த கேள்வியைக் கேட்டார். கம்பி பார்க்காமல் போட்ட போர்களில் எத்தனை வறண்டன? எல்லாரும் போர் போடுகிறவரைப் பார்த்தார்கள். அவர் பிடரியைச் சொறிந்தார். "எழுதி வெச்சிருக்கேன். எந்த இடம், எத்தனை அடி, தண்ணி வந்துச்சா இல்லையான்னு ஏழெட்டு நோட்டு இருக்கு. எண்ணிப் பார்த்ததில்லை."

"குடு, நான் எண்ணுறேன்" என்றார் அண்ணன்.

மதியம் கூட்டம் கலைந்த பிறகு, அண்ணனும் தங்கையும் கொல்லைப்புறக் குழாயடியில் வாளிகளைக் கழுவினார்கள். மணல் லேசில் போகவில்லை.

"கோவமாண்ணே?"

"கோவமில்லை. என்னமோ பண்ணுது." ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தார். "கையில இழுக்குது குட்டி. நெசமாவே இழுக்குது. நான் யாரையும் ஏமாத்தலை."

"எனக்குத் தெரியாதாண்ணே? என் நாற்காலியில உக்காந்து, மாத்தாத லென்ஸைப் பார்த்து இதுதான் தெளிவுன்னு சொல்ற ஒருத்தர்கூட என்கிட்ட பொய் சொன்னதில்லை. நான் மட்டும் என்ன? காலைல பத்துப் பேர்ல ஏழு பேரைத் தப்பாச் சொன்னேன். ஒவ்வொண்ணும் சரின்னு சத்தியம் பண்ணியிருப்பேன்."

அவர் அவளைப் பார்த்தார். "மூணுதான் வந்துச்சா உனக்கு? எனக்கு இருபதுக்குப் பத்து." முகத்தில் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது. "அண்ணன் அண்ணன்தான்." அவள் அவர் மேல் தண்ணீரை விசிறினாள்.

அப்போது அவர் போன் அடித்தது. புது வீடு கட்டும் ஒரு அம்மா. மறுநாள் காலை மனையில் நீரோட்டம் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பேசினார். "வர்றேங்கம்மா. ஆனா ஒண்ணு சொல்லணும். இன்னைக்குச் சோதிச்சுப் பார்த்ததுல கம்பி தேறலை. நான் வந்து, உங்க சமையலறைக்கும் தொட்டிக்கும் எது வசதியோ அங்க போடச் சொல்றேன். பக்கத்து வீட்டுக் கிணறுங்க எத்தனை அடின்னு விசாரிச்சும் சொல்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." அந்தப் பக்கம் வெகுநேரம் ஏதோ கேட்டது. "இல்லம்மா, கம்பியைக் கொண்டு வரலை" என்றார். "உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

நான்கு நாள் கழித்து, சாயங்காலம் கடையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் உள்ளே வந்தார். அக்குளில் இரண்டு நோட்டுகள். சட்டையில் சேற்றுத் தெறிப்பு.

"பாதி நோட்டு முடிஞ்சுது குட்டி. கம்பி பார்க்காம போட்டதும் எட்டுக்கு ஒண்ணுதான் வறண்டிருக்கு. நான் காட்டினதும் ஏறக்குறைய எட்டுக்கு ஒண்ணு."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். இந்த முறை அவள் அப்படியா என்று சொல்லவில்லை. "எந்த எந்த இடம்ணே? பள்ளமா, மேடா? தனித்தனியா எண்ணினியா?"

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. நோட்டை விரித்துக் காட்டினார். அரை மணி நேரம் இரண்டு பேரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு பேசினார்கள். கிளம்பும்போது, வாசற்படியில் நின்று சொன்னார்.

"அந்தப் புது வீட்டம்மா மனையில போர் போட்டாச்சு. சமையலறை ஓரமா. கம்பி இல்லாமலே நூத்துப் பத்து அடியில தண்ணி."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருந்தாலும் சொன்னாள், "ஒரே ஒரு போர்தானேண்ணே. அதை வெச்சு என்ன சொல்ல முடியும்?"

"அதைத்தான் நானும் அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வர்றேன்" என்றார் அண்ணன்.